செப்புத்தகடும் மெய்க்காட்சியும்

உள்ளதனை உள்ளவாறு உணர்தலும், உணர்ந்தவாறே பிறர்க்கு உணர்த்தலும் வெவ்வேறு செயல்களாம். முன்னையது அறிவின்பாற்படும், பின்னையது ஒழுக்கத்தின்பாற்படும். முன்னையதனைக் குறித்து நம் அளவை நூலார் காட்சி, கருதல், உரை என வகுத்து விரித்தோதினர். ஐயமும் திரிபும் நீங்கிய காட்சியே அளவையாம் என்றும் அறுதியிட்டனர். பின்னையதன்கண் எழும் வினாக்கள் அத்துணை எளிதில் அடங்குவன அல்ல. உணர்ந்தவன் ஒருவன், தான் உணர்ந்ததனைக் கருவி ஒன்றன் வாயிலாகப் பிறர்க்குக் காட்டப் புகுங்கால், அக்கருவி தன் இயல்பினாலேயே பொருளைத் திரித்துக் காட்டுவதாயின், அத்திரிபு யார்மேல் ஏறும்? இவ்வினா எமக்கு எழுந்தது நூலாராய்ச்சியிலன்று, வீட்டுத் திண்ணையில்.

ஓவியம் பயிலும் எம் பேர்த்தி, விடுமுறையில் வந்திருந்தபோது, ஒரு படத்தின் பெயர்ப்பைக் கொணர்ந்து எம் முன் வைத்தாள். ஒல்லாந்து நாட்டு ஓவியப் புலவர் ரெம்பிராண்ட் என்பார் 1650-ஆம் ஆண்டிற் செப்புத்தகட்டிற் பொறித்து அச்சிட்டது அது. அகலம் ஏறத்தாழ 5 அங்குலம். உயரம் 4 அங்குலத்திற்குச் சிறிது குறைவு. அதன்கண் உள்ளது ஒரு சிப்பி, பிறிதொன்றும் இல்லை. ஆளில்லை, மரமில்லை, கதையில்லை. இருண்ட பின்புலத்திலே, கருநிற மேனியில் வெண்மையான முக்கோணப் புள்ளிகள் நெருங்கிய கூம்புச் சங்கொன்று ஒளிபட்டுக் கிடக்கின்றது. "தாத்தா, இது வலம்புரியா, இடம்புரியா?" என்றாள். யாம் கண்ணாடியைத் துடைத்து அணிந்து நெடுநேரம் உற்று நோக்கி, "வலம்புரியே, அரும்பொருளாதலின் அன்றோ அவர் அதனை மட்டும் தனியே எடுத்து வரைந்தனர்" என்று விடை கூறினேம். பிள்ளை நகைத்தாள். உள்ளே சென்று முகம்பார்க்கும் ஆடியை எடுத்து வந்து படத்தின் அருகே நிறுத்தி, "இதிற் பாருங்கள், இதுவே மெய்யான சிப்பி" என்றாள்.

இதன் காரணம் அறியாதார் பொருட்டு அத்தொழிலின் முறையைச் சிறிது கூறுதும். பளபளப்பாக்கிய செப்புத்தகட்டின்மேல் மெழுகு முதலியன கலந்த மெல்லிய பூச்சொன்றைப் பரப்பி, அப்பூச்சினை ஊசியாற் கீறி உருவத்தை வரைவர். பின்னர்த் தகட்டினைத் திராவகத்தில் இடின், ஊசி கீறித் திறந்த இடங்களில் மட்டும் திராவகம் செம்பினைத் தின்று பள்ளமாக்கும். பூச்சைத் துடைத்தெடுத்து, பள்ளங்களில் மை நிரப்பி, மேற்புறத்து மையைத் துடைத்து, ஈரந்தோய்ந்த தாளை மேலிட்டு உருளைகளினிடையே அழுத்தினால், பள்ளத்து மை தாளில் ஏறும். முத்திரை மோதிரம் அரக்கிற் பதிவது போல்வதே இது. தகட்டில் வலத்தே உள்ளது தாளில் இடத்தே நிற்கும். இடத்தே உள்ளது வலத்தே நிற்கும். ஆகவே தாளில் நேரியதாகத் தோன்ற வேண்டிய எதனையும் தகட்டில் எதிராக எழுதல் வேண்டும். மெய்யைக் காட்ட விரும்புவான் முதலிற் பொய்யை எழுதவேண்டிய விந்தையான தொழில் இது.

ரெம்பிராண்ட் தம் பெயரையும் ஆண்டையும் தகட்டில் எதிராகவே எழுதினார். அவை தாளில் நேராகவே விளங்குகின்றன. சிப்பியையோ, தாம் கண்டவாறே தகட்டில் எழுதிவிட்டார். அதனால் தாளில் அது திரும்பி நிற்கின்றது. அச்சிப்பி இந்துமாக்கடல், பசிபிக் மாக்கடல் ஆகியவற்றின் வெப்பமான பகுதிகளில் வாழும் ஓரினத்தது; ஒல்லாந்தர் கிழக்கு நாட்டுக் கப்பல்களில் ஏற்றிச் சென்ற அரும்பொருள்களுள் ஒன்று. அவ்வினத்துச் சங்குகள் நம் கடலின் இடம்புரிச் சங்கு சுழலும் முறையிலேயே சுழல்வன. (நாம் இடம்புரி என்பதனை உயிர்நூலார் வலச்சுழற்சி என்றும், வலம்புரி என்பதனை இடச்சுழற்சி என்றும் மாற்றிக் கூறுவர். சங்கின் எம்முனையை மேலாக நிறுத்திப் பார்த்தல் என்பதில் அவரும் நாமும் மாறுபடுதலே இதற்குக் காரணம், பொருளில் வேறுபாடில்லை.) ஆகவே, எங்கும் கிடைக்கும் எளிய சங்கொன்று, தாளிற் பதிந்த அளவானே, ஆயிரத்தில் ஒன்றாகவும் கிடைத்தற்கரிய வலம்புரியாயிற்று. அதனை நம்பி யாம் பேர்த்திக்குத் தவறாக விடை கூறினேம். அரியது என்பதற்குக் காரணமும் ஒன்று கற்பித்தேம். பொய்க்காட்சி ஒன்று வாய்த்துழி, அதன்மேற் கருதலளவை எத்துணை விரைந்து மாளிகை கட்டுகின்றது!

இனி வினாவிற்கு வருதும். ரெம்பிராண்ட் செய்தது பிழையா? தம் பெயரை நேர்படுத்தத் தெரிந்தவர்க்குச் சிப்பியை நேர்படுத்தத் தெரியாதென்பது பொருந்தாது. தெரிந்தும் செய்யாமை குற்றமன்றோ எனின், அக்காலத்துச் சிப்பிப் படங்கள் பல இவ்வாறே திரும்பி நிற்கின்றன என்பதும் அறியத்தக்கது. 1681-இல் உரோமையில் புவோனானி என்னும் பாதிரியார் சிப்பிகளைக் குறித்தே ஒரு நூல் வெளியிட்டார்; அதன் படங்களும் இவ்வாறு திரும்பியனவே. சுழற்சியின் திசை ஓரினத்தை அறிதற்குரிய இலக்கணம் என்னும் உணர்ச்சி அவர்க்குப் பெரிதும் உண்டாகவில்லை. ஒன்றனைக் குறியாகக் கொள்ளாதவன் அதனைப் பிறழ எழுதுதல் அறியாமையன்றி வஞ்சமாகாது. யாம் கூறவந்த விடை இஃதன்று எனினும், இதனையும் ஒருபுறம் வைத்துக் கொள்க.

வேறொரு தடை இதனினும் முன்னே நிற்கின்றது. உயிர் துறந்து போன கூட்டினை, ஊன் உதிர்ந்த என்பினை, இத்துணை முயன்று வரைவது எற்றுக்கு? அஃது அசத்தின்மேல் வைத்த பற்றன்றோ என்பது. இத்தடையை அந்நாட்டவரே தமக்குள் எழுப்பிக்கொண்டனர். 1614-இல் ஆம்சுட்டர்டாம் நகரத்து விசர் என்னும் புலவர், படமும் பாட்டுமாக வெளியிட்ட அறநூலொன்றில், சிப்பிகளைக் குவித்து வரைவித்து, அறிவிலி தன் பொருளை எதிலெல்லாம் கொண்டுபோய் இடுகின்றான் என்று எள்ளினார். ரெம்பிராண்டே அவ்வெள்ளலுக்கு இலக்காகத் தக்கவர்தாம். 1656-இல் அவர் கடன்பட்டு நிலைகுலைந்தபோது எழுதப்பட்ட உடைமைப் பட்டியலிற் சிப்பிகளும் கடல்விளை பொருள்களும் இடம்பெற்றன. ஆயின் பொருளைப் பற்றுதல் வேறு. பொருளின் இயல்பை உற்றறிதல் வேறு. உலகினைக் கயிற்றரவு என்று தள்ளும் கொள்கையினர்க்குச் சிப்பியின் வரியை எண்ணுதல் வீண்தொழில் ஆகலாம். நமக்கு உலகம் உள்பொருள். மாயையின் காரியமாய்த் தோன்றி நின்று ஒடுங்குவதாயினும் இல்பொருளன்று. உள்ளதொன்றனை உள்ளவாறு காண்டற்கு இடும் உழைப்பை இழிக்க நமக்கு நெறியில்லை. ஒரு நத்தை தன் உடலினின்று சுரந்த சுண்ணத்தால் வளையம் வளையமாகக் கட்டிய வீட்டினைப் பார்த்து, அதன் ஒவ்வொரு வளைவிலும் ஒளி எவ்வாறு வழுக்குகின்றது என்று நாட்கணக்கில் இருந்து கண்டவன், அந்நாளளவும் தன்னை மறந்திருந்தான் என்பதும் நினைக்கத்தக்கது.

ஆனால் ஈண்டும் ஒரு நுட்பம் உண்டு. அச்சங்கு உயிரோடு கடலில் ஊர்ந்தபோது அதன் மேனியை மெல்லிய தோலொன்று போர்த்திருக்கும். நஞ்சுடைய பல்லை அம்புபோல் எறிந்து பிற நத்தைகளைக் கொன்று தின்னும் பிராணி அதனுள் இருக்கும். தோலைக் களைந்து துலக்கிய பின்னரே கண்ணைப் பறிக்கும் அப்பளபளப்பு வெளிப்படும். ஆகவே உள்ளவாறு வரைந்த அப்படம், அப்பொருள் உயிருடன் இருந்த நாளில் எவ்வாறு தோன்றிற்றோ அதனை ஒருகாலும் காட்டாது. உள்ளவாறு என்னும் சொல்லுக்கு, எந்நிலையில் உள்ளவாறு என்னும் வினா எப்போதும் பின்தொடர்கின்றது.

இனி உரையளவையைப் பற்றி நின்ற ஒரு படத்தை நோக்குதும். குச்சரத்துச் சுல்தான் போர்த்துக்கீசியர்க்கு அளித்த காண்டாமிருகம் ஒன்று 1515-ஆம் ஆண்டு மே மாதம் லிசுபன் துறையில் இறங்கிற்று. செர்மனி நாட்டு நூரம்பர்க்கு நகரத்திலிருந்த டியூரர் என்னும் பெரும்புலவர் அதனை ஒருகாலும் கண்டாரல்லர். லிசுபனிலிருந்து வந்த குறிப்பையும் எளியதொரு வரைவையும் கொண்டு, அவ்வாண்டே மரக்கட்டை அச்சில் அதன் உருவை வெளியிட்டார். தோலின் மடிப்புகள் தறைந்த கவசத் தகடுகளாயின. கால்களிற் செதிள்கள் தோன்றின. பிடரியிலே சிறிய கொம்பொன்று முளைத்தது. படத்தின் தலைப்பிலோ, அவ்விலங்கு தன் முழு உருவோடும் ஈண்டு வரையப்பட்டது என்னும் கருத்துப்பட எழுதியிருந்தது. அது வந்திறங்கிய ஆண்டினையும் அத்தலைப்பு 1513 எனப் பிழைபடவே கூறிற்று. அவ்வேழை விலங்கு போப்பரசருக்குக் காணிக்கையாகக் கப்பலில் அனுப்பப்பட்டு, 1516-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கப்பல் உடைந்து கடலில் மூழ்கி இறந்தது. படம் இறக்கவில்லை. 1551-இல் கெசுனர் என்பார் தம் விலங்கு நூலில் அதனை ஏற்றார். இருநூறு ஆண்டிற்கு மேலாக நூலுக்கு நூல் அப்பிடரிக்கொம்பு பெயர்ந்து சென்றது.

ரெம்பிராண்டின் திரிபையும் டியூரரின் திரிபையும் ஒப்பு நோக்குக. முன்னையதனை ஆடி ஒன்று நேர்படுத்தும். ஏனெனில் அத்திரிபு முழுதும் ஒரே விதிக்கு உட்பட்டது. எப்பகுதியிலும் ஒன்று கூடவுமில்லை, குறையவுமில்லை. எந்த முறையால் திரிந்தது என்பதனை அறிந்தவன் அம்முறையைத் திருப்பிப் பிடித்தால் பொருளை முழுமையாக மீட்பான். பின்னையதனை மீட்க எந்த ஆடியும் இல்லை. பிடரிக்கொம்பு எங்கிருந்து வந்தது, குறிப்பு எழுதியவன் பிழையா, வரைந்தவன் கற்பனையா என்பது படத்தைப் பார்ப்பவனுக்கு ஒருகாலும் தெரியவராது. கண்டதன்று, கேட்டது என்னும் ஒரு சொல்லை டியூரர் தலைப்பிற் சேர்த்திருப்பின், பார்ப்பவன் அதனை உரையளவையாகக் கொண்டு ஐயுற்றிருப்பான். அச்சொல் இன்மையால் காட்சியளவையாகக் கொண்டு நம்பினான். அழகில் அப்படம் இவற்றுள் எதற்கும் தாழ்ந்ததன்று; யாமும் அதனை நெடுநேரம் நோக்கினேம் என்பதை மறைப்பதற்கில்லை.

என்புகளை வரைந்தோர் இதனினும் இடர்ப்பட்டனர். இங்கிலாந்து நாட்டு அறுவை மருத்துவர் செசில்டன் என்பார் 1733-இல் என்புகளைப் பற்றிய பெருநூல் ஒன்றை வெளியிட்டார். கண்ணும் கையும் வழுவும் என்று அஞ்சி, இருட்பெட்டி என்னும் கருவியைப் பயன்படுத்தினார்; ஒரு துளையின் வழியே புகும் ஒளி பொருளின் உருவைத் தானே திரையில் வீழ்த்தும் கருவி அது. அவ்வுருவோ தலைகீழாக வீழும். அந்நூலின் முகப்பிலுள்ள சிறு படத்திலே, முக்காலியொன்றில் என்புக்கூட்டின் ஒரு பகுதியைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, பெட்டிக்குள் நோக்கி வரைதல் காட்டப்பட்டுள்ளது. கருவி கவிழ்த்துக் காட்டுமாதலின் பொருளை முன்னரே கவிழ்த்து வைத்தனர். தம் கருவியின் குற்றத்தை நூலின் முகப்பிலேயே படமாக்கி வைத்த அந்நேர்மையை யாம் மிகவும் மதிக்கின்றேம்.

லெய்டன் நகரத்துப் பேராசிரியர் ஆல்பினஸ் வேறு வகையர். என்பும் தசையும் பற்றிய அவர்தம் பெருந்தகடுகள் 1747-இல் வெளிவந்தன. வரைந்து பொறித்தவர் வாண்டலார் என்பார். கயிற்றாற் சதுரஞ் சதுரமாகக் கட்டிய வலைகள் இரண்டனை, ஒன்று என்புக்கூட்டின் அருகிலும் மற்றொன்று அதற்கு எட்டவும் நிறுத்தி, அவற்றினூடே நோக்கி, ஒவ்வொரு சதுரத்திலும் காண்பதனைத் தாளின் சதுரத்தில் எழுதினர். கூடு நிற்கும் நிலை சரிதானா என்பதறிய, மெலிந்த ஆடவன் ஒருவனை அருகே அதே நிலையில் நிற்பித்தும் ஒத்துப் பார்த்தனர். இத்துணை நுண்மையோடு அளந்தவர், முடிவில் செய்தது யாது? எந்தவொரு கூடும் குறையற்றதன்று என்பதால், நல்லதொன்றைத் தேர்ந்தெடுத்து, அதன்கண் இருந்த குறைகளையும் திருத்தியே வரைவித்தார். அழகிய முகத்தை வரைவோன் அதிலுள்ள வடுவை நீக்கி வரைவதுபோலத் தாமும் செய்ததாக முன்னுரையில் ஒளிக்காது கூறியும் வைத்தார்.

நம் அளவை நூலார் வழக்கில் கூறின், பொருளின் தன்னியல்பினை விட்டுப் பொதுவியல்பினை எழுதினார் ஆல்பினஸ். இன்னான் ஒருவனுடைய என்பு அன்று அது, மாந்தர் என்பு. மாணாக்கன் கற்க வேண்டுவது பொதுவியல்பே ஆதலின் அது தக்கதே என்பாரும் உளர். யாது குறை, யாது இயற்கை என்று முடிவு செய்தவர் யார்? நூறு உடல்களை அறுத்துக் கண்டவர் ஆதலின் அவர் முடிவு வலியுடையதுதான். எனினும், அவர் குறை எனக் கழித்த ஒன்று உண்மையில் ஓரினத்து மாந்தர்க்கு இயல்பாக இருந்திருப்பின், அதனை இனி யார் மீட்பர்? இவ்வினாவிற்கு எமக்கு முழு விடை கிடைத்திலது. ஒன்று மட்டும் துணிந்தேம். திருத்தியதனைத் திருத்தினேன் என்று சொல்லியவன், பார்ப்பவன் கையில் ஆடி கொடுத்தவன் ஆகான். ஆயினும் இங்கே ஓராடி வேண்டும் என்று எச்சரித்தவன் ஆவான்.

அத்தகடுகளுள் இரண்டில், மனித உருவின் பின்னே ஒரு காண்டாமிருகம் நிற்கின்றது. வங்காளத்தினின்று 1741-இல் ஒல்லாந்திற்குக் கொணரப்பெற்ற கிளாரா என்னும் பெண் விலங்கு அது. வாண்டலார் அதனை உயிரோடு கண்டு வரைந்தார். அதன் பிடரியிற் கொம்பில்லை.

இவற்றையெல்லாம் இத்துணை விரிப்பது எற்றுக்கு எனின், எம்மைச் சுட்ட நெருப்பொன்று உண்டு. இளமையில் யாம் மடத்திற் பயின்ற காலத்து, செல்லரித்துச் சிதைந்த ஏடுகளைப் பெயர்த்தெழுதும் பணி எமக்கு இடப்பட்டது. ஆசிரியர் இட்ட கட்டளை ஒன்றே: "கண்டதை எழுது, கருதியதை எழுதாதே." ஆசிரியர் பெயர் தெரியாத சிறு நூலொன்றின் ஓரிடத்தில், சங்கு எடுப்பாரைக் கூறும் அடியிலே, "பாரில்" குளித்தலைப் பற்றிய சொல் வந்தது. பார் என்பது நிலம். நிலத்திற் குளித்தல் யாங்ஙனம்? ஏடெழுதினோன் பிழை என்று கருதி, அதனை "நீரில்" என்று பொருந்த மாற்றி எழுதினேம். சீர் கெடவில்லை. மோனை கெட்டது, அதனைக் கண்டும் பொருட்படுத்தினேம் அல்லேம். குறிப்பு எதுவும் இட்டிலேம். ஆசிரியர் ஒப்பு நோக்கியபோது அவ்வேடு புரண்டு போயிற்று போலும். அவர் கண்ணில் அது படவில்லை. படாமை குறித்து அன்று மகிழ்ந்தேம் என்பதையும் சொல்லிவிடுதல் நன்று.

இருபது ஆண்டுகளின் பின் ஒரு சொற்பொழிவின் பொருட்டுத் தூத்துக்குடி சென்றிருந்தபோது, சங்கு குளிக்கும் முதியவர் ஒருவரோடு கடற்கரையில் உரையாட நேர்ந்தது. இன்ன பாரில் சங்கு மிகுதி, இன்ன பாரில் முத்துச்சிப்பி முன்னொரு காலத்து விளைந்தது என்று அவர் எண்ணிச் சொல்லிக்கொண்டே போனார். கடலின் அடியில் சிப்பிகள் தங்கி வளரும் திட்டினை அவர்கள் பார் என்பர். அச்சொல் காதில் வீழ்ந்த அளவில் எமக்கு உடல் வியர்த்தது. ஏடெழுதினோன் பிழைத்திலன், அவன் கடலறிந்தவன், யாம் நிகண்டு மட்டும் அறிந்தவன்.

உடனே மடத்திற்குச் சென்று மூல ஏட்டினைத் தேடினேம். அஃது அதற்குள் பொடிந்து ஒழிந்திருந்தது. எஞ்சியது எம் கையெழுத்துப்படி ஒன்றே. அதன் ஓரத்திற் புள்ளடி இட்டு, மூலத்திற் கண்டது "பாரில்" என்றும், மாற்றியது யாமே என்றும், நாளும் பெயரும் குறித்து எழுதி வைத்தேம். ஆசிரியர் அப்போது இலர்.

சில ஆண்டுகளுக்கு முன் அந்நூலை அச்சிற் கொணர முயன்ற இளம்புலவர் ஒருவர் எம்மைக் காண வந்தார். கற்றவர், அடக்கமுடையவர். யாம் நிகழ்ந்ததைக் கூறினேம். அவர் நெடுநேரம் எண்ணியிருந்து, "ஐயா, தாங்கள் கூறுவதை யான் நம்புகின்றேன், மோனையும் தங்கள் பக்கமே நிற்கின்றது. ஆனால் படிப்பவர்க்கு மூலம் என்று காட்ட ஏடில்லை. முன்னர் ஒருமுறை மாற்றியவர் என்று தங்களையே தாங்கள் கூறுகின்றீர்கள். அவ்வாறாயின் இப்போது மாற்றவில்லை என்பதற்கு யான் என்ன சான்று காட்டுவேன்?" என்றார். எமக்கு மறுமொழி தோன்றவில்லை. மூலத்தில் "நீரில்" என்றே அச்சாயிற்று. அடிக்குறிப்பிற் சிறிய எழுத்தில், "பாரில் என்பது பெயர்த்தெழுதியவர் கூறும் பாடம்" என்றுளது.